எமது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி

முகத்துவாரத்து மக்களுக்குப் பனிக்கட்டி புதுமையான பொருளன்று. பொழுது புலர்வதற்கு முன்னரே மீன்பிடித் துறைமுகத்தை நோக்கி ஐஸ் லொறிகள் போகத் தொடங்கிவிடும். லொறியின் பின்பலகையிலிருந்து சொட்டும் நீர் வீதியில் நீண்ட கோடாக விழுந்துகொண்டே செல்லும். ஆழ்கடலிற் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் எரிபொருளுக்கு அடுத்தபடியாக ஏற்றிச் செல்வது இந்த ஐஸ் கட்டிகளைத்தான். ஐஸ் இல்லையேல் படகு கரையை விட்டு நகராது. களனி கங்கை கடலோடு கலக்கும் வாயிலில் வாழும் எம் அயலவர்கள், மறைவெப்பம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அதனைத் தொழிலாகக் கொண்டவர்கள். நாமோ அச்சொல்லை வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக் கற்பித்து ஊதியம் பெறுபவர். இருவரில் எவருக்குப் பனிக்கட்டியின் குணம் நன்றாகத் தெரியும் என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் வாசகர் தாமே கண்டுகொள்வர்.

எம் அன்னையார் வடமராட்சியில் வளர்ந்தவர். அடுப்பிலிருந்து இறக்கியதை அன்றைக்கே உண்டு முடித்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. மிஞ்சிய சோற்றுக்கு நீரூற்றி வைப்பார். மிஞ்சிய கறி அயல்வீட்டுக்குப் போகும். ஆகவே கொழும்பில் நாம் குடியேறிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரும் எம் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கவில்லை. எம் மனைவியாரும் உத்தியோகத்துக்குச் செல்லத் தொடங்கிய பிறகுதான் அதன் தேவை புலப்பட்டது. மாலையில் இளைத்துக் களைத்து வருபவர் தேங்காய் துருவி, மா அரைத்து, மரக்கறி வாங்கிச் சமைப்பதென்றால் இரவு ஒன்பது மணியாகிவிடும். அன்னையார் தம் கொள்கையைத் தளர்த்தவில்லை. எதிர்ப்பை மட்டும் தளர்த்தினார்.

முதலாவது பெட்டியை 2008ஆம் ஆண்டில் பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் வாங்கினோம். ஒற்றைக் கதவு கொண்டது. உறைபெட்டி அதனுள்ளேயே மேற்புறத்தில் ஒரு சிறு அறையாக இருக்கும். அவ்வறையின் சுவரிற் பனி படியும். படிந்த பனி நாளடைவில் மூன்று விரற்கடை தடித்துக் கதவையே மூட விடாது. பனி தானாக வெப்பத்தைத் தடுக்கும் பொருள். ஆதலால் அது தடிக்கத் தடிக்க உள்ளே குளிர் குறையும். இயந்திரம் ஓய்வின்றி ஓடும். மாதம் ஒரு முறை மின்னை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்து, ஒரு பாத்திரத்தில் வெந்நீரும் உள்ளே வைத்தால் பனி தானே கழன்று விழும். அரை நாட் பொறுமை போதும்.

எமக்கு அந்த அரை நாட் பொறுமை இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைக் கத்தியை எடுத்துப் பனியைக் கிளப்பத் தொடங்கினோம். இரண்டு பாளங்கள் அழகாகப் பெயர்ந்து வந்தன. மூன்றாவதற்குக் கத்தியைச் சற்று அழுத்தினோம். பாம்பு சீறியதுபோல் ஓர் ஒலி கேட்டது. அலுமினியத் தகட்டினுள் ஓடிய குழாயைக் கத்தி முனை துளைத்துவிட்டது! உள்ளிருந்த வாயு முழுவதும் ஒரு நிமிடத்துள் வெளியேறியது. திருத்த வந்தவர் துளையைப் பார்த்தார். பின்னர் கத்தியைப் பார்த்தார். பின்னர் எம்மைப் பார்த்தார். "சேர் என்ன படிப்பிக்கிறீங்க?" என்று கேட்டார். பௌதிகவியல் என்று சொல்ல நா எழவில்லை. அலுமினியத்தைப் பற்றவைத்தல் கடினம் என்று கூறி ஏதோ பசையை இட்டு அடைத்து, புதிதாக வாயு நிரப்பிச் சென்றார். இரண்டு மாதம் ஓடிற்று. அதன் பின் அது அரிசியும் பருப்பும் வைக்கும் அலுமாரியாக நெடுங்காலம் பணியாற்றியது. எலி நுழையாத அலுமாரி என்று அன்னையார் அதனைப் புகழ்ந்தார்.

இப்பொழுது எம் வீட்டில் உள்ள இரட்டைக் கதவுப் பெட்டி 2019ஆம் ஆண்டில் வந்தது. மேலே உறைபெட்டி, கீழே குளிர்பெட்டி. பனி படியாத வகை. எம் ஒழுங்கையில் லொறி நுழையாது. சந்தியில் இறக்கி, நான்கு இளைஞர்கள் தோளிற் சுமந்து வந்தார்கள். வாயிலிற் பெட்டி நுழையவில்லை. கதவைக் கழற்றலாம் என்றார் ஒருவர். பெட்டியின் கதவையா, வீட்டின் கதவையா என்று ஒரு விவாதம் எழுந்தது. ஈற்றில் வீட்டுக் கதவே கழன்றது.

பெட்டியைப் படுக்க வைத்துத் தூக்கலாகாது. கொம்பிரசர் எனப்படும் அழுத்தும் இயந்திரத்தின் அடியில் எண்ணெய் இருக்கிறது. படுக்க வைத்தால் அது குழாய்களுக்குள் ஓடிவிடும். எங்கள் சந்தியில் லொறிக்காரர் அதைச் சாய்த்தே வைத்திருந்தார். ஆகவே நேராக நிறுத்திய பின் உடனே மின்னிணைப்புக் கொடுக்காது, மாலை வரை விட்டுவைத்தோம். எண்ணெய் தன் இடத்துக்கு வடிந்து சேர வேண்டுமல்லவா? எம் மகள் ஐஸ்கிறீமை வாங்கிக் கொண்டு வந்து பெட்டியின் முன்னால் நின்றாள். மாலை வரை ஐஸ்கிறீம் நிற்குமா? பெட்டி ஓடத் தொடங்கியபோது அவள் கிண்ணத்தை நக்கி முடித்திருந்தாள்.

சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி நிறுத்தினோம். முன்காலைச் சற்றே உயர்த்தித் திருகினோம். அவ்வாறு செய்தால் கதவு கைவிட்டாலும் தானே மூடிக்கொள்ளும். அடுப்பும் வெயிலும் படாத மூலையாகத் தேர்ந்தோம். அதற்கென்றே தனியான செருகியிடம் அமைத்து, மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவி ஒன்றையும் இணைத்தோம். இவை எல்லாம் பெட்டியோடு வந்த கையேட்டில் உள்ளவைதாம். ஆனால் எம் ஒழுங்கையில் கையேட்டை வாசித்த முதல் மனிதர் நாமே என்று மனைவியார் இன்றும் சொல்வதுண்டு. கத்தியால் அடிபட்டவர் கையேட்டை வாசிக்கத்தானே வேண்டும்!

அன்றிரவு மகள் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, குளிர்ப் பெட்டி ஏன் சுடுகிறது?" என்று கேட்டாள். இது நல்ல வினா. குளிரை உண்டாக்கும் இயந்திரம் என்று ஒன்று உலகில் இல்லை. இப்பெட்டி செய்வதெல்லாம் உள்ளிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதுதான். உட்குழாயில் ஒரு திரவம் ஆவியாகின்றது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சோற்றிலிருந்தும் பாலிலிருந்தும் எடுத்துக்கொள்கின்றது. கொம்பிரசர் அந்த ஆவியை நெருக்கி வெளிக்குழாய்க்கு அனுப்புகின்றது. அங்கே அது வெப்பத்தை வீட்டுக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகின்றது. வியர்த்த உடலிற் காற்றுப் பட்டால் குளிர்வதும், மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே நியதியால்தான். பானை தன் நீரை இழந்துவிடுகின்றது. பெட்டி இழந்ததைத் திரும்பப் பிடித்துக்கொள்கின்றது. வேற்றுமை அவ்வளவே. அன்னையார் மூலையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப என்ரை பானைக்கு மாதம் எவ்வளவு கரண்டுக் காசு?" என்றார்.

பானை ஒருபுறமிருக்க, மனிதர் பனிக்கட்டிக்காகப் பட்ட பாடு கொஞ்சமன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து வணிகர் பிரெடெரிக் டியூடர் என்பவர் குளங்களில் உறைந்த பனியை வாளால் அறுத்து, மரத்தூளிற் புதைத்து, பாய்க்கப்பலில் ஏற்றி, நிலநடுக்கோட்டைத் தாண்டி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833இல் முதற்கப்பல் கல்கத்தாவை அடைந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் அதற்கென ஒரு மாளிகையே எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்த வட்டாரத்துக்கு இன்றும் உண்டு. 1897 ஜனவரி 15ஆம் திகதி எமது கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், பின்னர் சென்னை சென்று தங்கியது அந்த மாளிகையில்தான். இப்போது அது விவேகானந்தர் இல்லம். கொழும்பிலோ 1866ஆம் ஆண்டிலேயே கொம்பனித்தெருவில் ஐஸ் ஆலை ஒன்று தொடங்கப்பட்டுவிட்டது. கத்தியும் வாளும் பனிக்கட்டியோடு சேர்ந்தே வந்தவை என்று இவ்வரலாற்றைப் படித்தபோது எமக்கு ஓர் ஆறுதல்.

பெட்டி வந்த மறுநாளே வீட்டில் ஒரு சட்டம் பிறந்தது. அன்னையார் சைவ உணவினர். அவர் பூசைக்கு வைக்கும் பாலும் பூவும் உள்ள பெட்டிக்குள் மீன் நுழையக்கூடாது. முகத்துவாரத்தில் இருந்துகொண்டு இச்சட்டத்தைக் காப்பது எளிதன்று. அதிகாலையிற் படகு வந்ததும் அயலவர் அன்பாகக் கொடுத்தனுப்பும் பாரையையும் சூரையையும் என் செய்வது? நாமும் மகளும் அன்றைக்கே உண்டு தீர்த்தோம். அதனால் எம் சட்டத்தால் மெலிந்தவர் எவருமிலர்.

பெட்டியைப் பேணுவது பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். குளிர்பெட்டி 4 பாகை செல்சியசிலும் உறைபெட்டி சைபருக்குக் கீழே 18 பாகையிலும் இருப்பதே நலம். கதவோரத்து றப்பர் பட்டியை மாதம் ஒரு முறை சவர்க்கார நீராலே துடைப்போம். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் அது இறுக்கமாக வர வேண்டும். வழுகி வந்தால் றப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். இவை எல்லா ஊருக்கும் பொது. முகத்துவாரத்துக்கே உரிய பகைவன் உப்புக் காற்று. யன்னற் கம்பியை ஆறு மாதத்தில் அரிப்பது பெட்டியின் அடித்தகட்டை விட்டுவைக்குமா? ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஈரத்தைத் துடைத்து, அடித்தகட்டுக்கும் திருகாணிகளுக்கும் ஆண்டுதோறும் மைபூசி வருகிறோம்.

இவ்வளவு கருத்தாயிருந்தும் பெட்டியின் பின்புறத்தில் ஒரு சிறு தட்டு உண்டென்பதை மறந்துவிட்டோம். உருகிய பனிநீர் குழாய் வழியாக அத்தட்டில் வந்து சேர்ந்து, கொம்பிரசரின் சூட்டில் ஆவியாகிப் போகும். மழைக்காலத்தில் முழுவதும் போகாது தேங்கி நிற்கும். ஒருநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பூச்சாடியைப் பார்த்தார், கிணற்றடியைப் பார்த்தார், ஒன்றுமில்லை. பெருமையோடு நின்றிருந்தோம். அவர் நேரே சமையலறைக்கு வந்து, பெட்டியின் பின்னால் மின்விளக்கைப் பிடித்தார். தட்டில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன! 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகினர் என்று வகுப்பிற் புள்ளிவிபரம் கூறியவர் நாம். எம் மாணாக்கர் எவரும் அப்போது அங்கில்லை என்பது ஒன்றே ஆறுதல். அன்றுதொட்டு வாரந்தோறும் வெள்ளிக்கிழமை அத்தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுகிறோம்.

எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் ஓர் அக்கா வசிக்கிறார். கணவர் கடலோடு போனவர். துறைமுகத்தில் கருவாடு தரம் பிரிக்கும் வேலை செய்து ஒரே மகளைப் படிக்க வைத்தார்; அப்பெண் எம்மிடம் மாலை வகுப்புக்கு வருபவள். அக்காவுக்கு நெடுநாளாக நீரிழிவு. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும். வைத்திருக்கத்தான் குளிர் வேண்டும். அவர் வீட்டுப் பழைய பெட்டி 2020ஆம் ஆண்டில் நின்றுபோனது. அவ்வாண்டு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. கடையில் இருந்த பெட்டிகளின் விலை கைக்கெட்டாது உயர்ந்தது.

ஒருநாள் மாலை அக்கா ஒரு பிஸ்கற் தகரப்பெட்டியோடு வாயிலில் வந்து நின்றார். "சேர், வேற எடம் இல்ல. இத ஒரு ஓரமா வெச்சுக்குவீங்களா? மீன் கீன் ஒண்ணும் இல்ல, மருந்து மட்டுந்தான்" என்றார். நாம் அன்னையாரைப் பார்த்தோம். அன்னையார் எழுந்து சென்று தம் பூசைப்பாலை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, நடுத்தட்டை வெறுமையாக்கினார். "மருந்துக்கு நடுத்தட்டுத்தான் நல்லது. பிள்ளை, நீ வேண்டின நேரம் வந்து எடு, கதவு தட்டத் தேவையில்லை" என்றார். அன்று முதல் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அந்தப் பெண் வந்து தகரத்தைத் திறந்து போத்தலை எடுத்துச் செல்வாள்; சற்று நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து வைப்பாள். எம் வீட்டுக் கடிகாரம் பிந்தினாலும் அவள் பிந்தமாட்டாள்.

2022ஆம் ஆண்டு பிறந்தது. எரிபொருள் இல்லை, மின்சாரமும் இல்லை. பெப்ரவரியில் ஓரிரு மணி நேரமாகத் தொடங்கிய மின்வெட்டு மார்ச் 30ஆம் திகதி 10 மணி நேரமாயிற்று. 31ஆம் திகதி 13 மணி நேரம் என்று அறிவித்தார்கள். கதவைத் திறவாதிருந்தால் குளிர்பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும்; நிறைய அடுக்கிய உறைபெட்டி இரண்டு நாள் வரை தாங்கும். பதின்மூன்று மணி நேரத்துக்குக் குளிர்பெட்டி என்செய்யும்? பங்குனி வெயில் வேறு.

இவ்விடத்தில்தான் எம் பௌதிகவியல் விழித்துக்கொண்டது. ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 336 கிலோயூல் வெப்பம் வேண்டும். ஆகவே தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்துக் கீழ்த்தட்டுகளில் நிறுத்தினால் பெட்டி தாங்கும். இதுவரை சரி. இதனோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையே இராது. உப்புக் கரைத்த நீர் சைபருக்கும் கீழேதான் உறையும் என்பதும் எமக்குத் தெரியுமல்லவா? அதிகக் குளிரைச் சேமிக்கலாமே என்று, இரண்டு போத்தல்களில் உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்து உறைய வைத்தோம். மார்ச் 31ஆம் திகதி மாலை, பெண் போத்தலைத் திரும்ப வைத்துச் சென்ற பின், அவ்விரண்டையும் எடுத்து அக்காவின் தகரத்துக்கு இருபுறமும் அணைத்தாற்போல் வைத்தோம். மருந்துக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்ற எண்ணத்தோடுதான் செய்தோம். மனைவியாரிடம் விளக்கியும் சொன்னோம். அவர் தலையசைத்தார், மெழுகுதிரி வெளிச்சத்தில் அது இசைவா, அயர்ச்சியா என்று தெரியவில்லை.

மறுநாட் காலை ஆறு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். தகரத்தைத் திறந்தவள் அப்படியே நின்றாள். "சேர், போத்தலுக்குள்ள பூப் பூவா இருக்கு" என்றாள்.

வாங்கிப் பார்த்தோம். பால்போற் கலங்கியிருக்க வேண்டிய மருந்து வெண்ணிறக் கட்டியாக இருந்தது. தகரத்தில் மூன்று போத்தல்கள். திறந்தது ஒன்று, திறவாதவை இரண்டு. மூன்றும் உறைந்துவிட்டன. உப்புப் பனியின் குளிர் சைபருக்குப் பல பாகை கீழே; மெல்லிய தகரம் அதை எந்தத் தடையுமின்றி உள்ளே விட்டுவிட்டது. இன்சுலின் வைக்கப்பட வேண்டியது 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில். ஒருமுறை உறைந்தால் உருகிய பின்னும் அது பயன்படாது. அதன் துகள்கள் திரண்டு, போட்ட அளவுக்கு உடலில் எவ்வளவு வேலை செய்யும் என்று சொல்ல முடியாததாகிவிடும். வெயிலிற் கெட்ட மருந்தைவிட இது மோசம். ஏனெனில் உருகிய பிறகு பார்வைக்குப் பழையது போலவே தோன்றவும் கூடும்.

அக்கா வந்தார். எம் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது போலும். "ஐஸ் ஆனா என்ன சேர்? கொஞ்சம் வெயில்ல வெச்சா உருகிடும். போட்டுக்கிறேன், விடுங்க" என்றார். அந்தச் சொல்தான் எம்மை நடுங்க வைத்தது. மகள் அதைக் கவனியாமல் இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால், பூக்கள் கரைந்திருக்கும். அவர் வழக்கம்போல் ஊசியைப் போட்டிருப்பார். எம் அறிவின் விலையை அவர் உடல் கொடுத்திருக்கும். "போட வேண்டாம் அக்கா, இது பழுது. பழுதாக்கினது நான்தான்" என்று சொன்னோம். கட்டுரையில் "நாம்" என்று எழுதலாம். அன்று அவ்வாறு சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த கிளினிக் நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம். கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பழைய சீட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு நடந்தோம். முதல் மருந்தகத்தில் இல்லை. இரண்டாவதில், வரும் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையில் மூன்றாவது மருந்தகத்திற் பேனா வடிவில் இருந்தது, அக்காவின் வகையன்று. நான்காவதில் ஒரேயொரு போத்தல் இருந்தது. விலையைக் கேட்கவும் தோன்றவில்லை. பனிக்கட்டி இட்ட பையில் வைத்துத் தரட்டுமா என்று கடைப் பையன் கேட்டான். "வேண்டாம், வேண்டாம்!" என்று நாம் பதறியதைக் கண்டு அவன் சிரித்தான். அன்றிரவே அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாட் சனிக்கிழமை மாலை ஆறு மணி முதல் திங்கள் காலை வரை நாடெங்கும் ஊரடங்கு. வெள்ளிக்கிழமை அகப்பட்டிராவிட்டால் என்ன செய்திருப்போம் என்பதை இன்றும் நினைக்க விரும்புவதில்லை.

அந்த ஒரு போத்தலை எங்கே வைப்பது? எம் பெட்டியின் கதவைத் திறக்க எமக்கே துணிவில்லை. அப்போதுதான் அன்னையார் தம் பானையோடு வந்தார். அகன்ற மண்சட்டியில் மணலைப் பரப்பி ஈரமாக்கி, அதன் மேல் சிறிய மண்பானையை வைத்து, பானையைச் சுற்றி ஈரத் துணியைக் கட்டினார். போத்தலை ஒரு பிளாஸ்ரிக் டப்பாவிலிட்டு உள்ளே இறக்கி, வாயை மூடி, காற்றோட்டமான நிழலில் வைத்தார். யாழ்ப்பாணத்து வறண்ட காற்றிற் பானை மிக நன்றாகக் குளிரும். முகத்துவாரத்துக் கடற்காற்றோ ஈரம் மிகுந்தது, ஆவியாதல் குறைவு. வெப்பமானியை விட்டுப் பார்த்தோம். நடுப்பகலில் அறை 32 பாகை, பானைக்குள் 28. திறந்து பயன்படுத்தும் போத்தலை 30 பாகைக்கு மேற்படாமற் காத்தால் சுமார் நான்கு வாரம் வைத்திருக்கலாம் என்பது வைத்தியர் கூற்று. கிளினிக் நாள் வரைக்கும் அது போதும். பானை உறையவும் மாட்டாது. மின்வெட்டை அறியவும் மாட்டாது. அன்னையார் மின்கட்டணத்தைப் பற்றி இரண்டாம் முறை கேட்கவில்லை. அது அவர் பெருந்தன்மை.

எம் பெட்டிக்குள் இப்போது ஒரு சிறு வெப்பமானி நிரந்தரமாகத் தொங்குகின்றது. உப்புப் போத்தல்களைக் கழுவித் துளசிக்கு நீரூற்றப் பயன்படுத்துகிறோம். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தபோது, பெட்டியை நிறுத்திவிடலாமா என்று ஒருமுறை மனைவியாரோடு பேசினோம். தகரம் இருக்கும்வரை அந்தப் பேச்சு வேண்டாம் என்று அவர் முடித்துவிட்டார். ஆம், அக்கா தகரத்தை மீண்டும் கொண்டுவந்து நடுத்தட்டில் வைத்தார். திறவாத போத்தல்கள் பெட்டியிலும், திறந்தது பானையிலுமாக இருந்தன. எம்மைக் குறைகூறி ஒரு சொல் அவர் சொன்னதில்லை. ஆனால் தகரத்தை வைத்த பின் இருபுறமும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டே போவார்.

2024ஆம் ஆண்டில் அந்தப் பெண்ணுக்கு உத்தியோகம் கிடைத்தது. சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து ஒரு சிறிய பெட்டி வாங்கினாள். பொருத்துவதற்கு எம்மை அழைத்தார்கள். நாம் மாலை வரை ஓட விடவில்லை. வெப்பமானியை உள்ளே வைத்து இரண்டு நாள் பார்த்த பின்பே மருந்தை வைக்க இசைந்தோம். தகரம் எம் வீட்டிலிருந்து புறப்பட்டது. நடுத்தட்டில் அன்னையார் இப்போது கறிவேப்பிலையை வைக்கிறார். பூசைப்பால் கீழ்த்தட்டிலேயே இருக்கின்றது.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில் நாடு முழுவதும் திடீரென மின்சாரம் நின்றது வாசகர் நினைவில் இருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சர் சொன்னார். ஒழுங்கையெங்கும் மக்கள் வெளியே வந்து ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நாமும் அக்காவின் வீட்டுப் பக்கம் சென்றோம். புதுப் பெட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். மகள் எம்மைக் கண்டு சிரித்தாள். "பாருங்க சேர், தண்ணி குடிக்கக்கூட அம்மா கதவத் திறக்க விடுறாங்க இல்ல."

"தண்ணி பானையில இருக்கு, குடி" என்றார் அக்கா.

மூலையில் ஈரத் துணி கட்டிய பானைகள் இரண்டு இருந்தன.